பத்து ஆள் கேட்ட தொரை

வயிற்றெரிச்சலுக்கு என் மனைவி ஒரு பேச்சு வைத்திருந்தாள். "உன் வயித்துல ஆவாரம்பட்டை ஊறுது மாமா" என்பாள். தொட்டியில் பட்டைத் தண்ணீரில் ஊற ஊறத் தோலில் சாயம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெர்மன் தொரை ஆம்பூரில் இருந்த வருஷங்கள் முழுக்க என் வயிற்றில் பட்டை ஊறிக்கொண்டேதான் இருந்தது.

ஜெர்மன் தொரை என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் யூதர். "நீ ஜெர்மன்காரன் இல்லை" என்று சொல்லித்தான் அவரை அங்கிருந்து விரட்டியிருந்தார்கள். வந்த இடத்தில் நாங்கள் அதையே பட்டமாகக் கட்டிவிட்டோம். அவர் ஊரில் அவர் தோல் வியாபாரி. அங்கே யூதர்களின் ஜெபவீட்டுக்குத் தலைவரும் அவர்தான். எங்கள் முதலாளி அவருக்குப் பல காலம் கப்பலில் தோல் அனுப்பியவர். விரட்டிய செய்தி கேள்விப்பட்டதும், "இங்க வந்து நம்ம தோலப் பாருங்க" என்று வரவழைத்துக்கொண்டார்.

நான் கிடங்கில் தோல் தரம் பிரிப்பவன். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே மேசையில் அவரும் நானும் எதிரெதிரே நின்றோம். தமிழ் என்னிடம்தான் கற்றார். இன்னா, ஜாஸ்தி, கம்மி, பேஜார் எல்லாம் நான் கொடுத்தவை. அதனால் அவர் என் ஆள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாயங்காலமானால் அவரோ சுண்ணாம்புக் குழி மேஸ்திரி பாய் வீட்டுக்குப் போய்விடுவார். பாய் வீட்டில் டீ. பாய் வீட்டில் அவித்த முட்டை. எதிரெதிரே பிள்ளைகளைப் போல் உட்கார்ந்து இருவரும் சிரிப்பார்கள்.

"தொரையும் பன்னி தொடமாட்டாரு, பாய் வூட்லயும் பன்னி இல்ல, அதான்" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தானே! பாத்திரங்களையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவந்தேன். வந்தார். ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். என் மகள் பாடியதைக் கேட்டுக் கை தட்டினார். அவ்வளவுதான். மறுநாள் குழிப்பக்கம் போனபோது பாய் கேட்டான்: "இன்னா தோஸ்த், தொரைக்கு உங்க வூட்ல பழம் போட்டீங்களாமே?"

ஒரு மத்தியானம் சேரிக் கிணறு வற்றிவிட்டதென்று நான் புலம்பியபோது, ஊர்க் கிணற்றில் ஏன் எடுக்கக் கூடாது என்று தொரை கேட்டார். எங்களை விடமாட்டார்கள் என்றேன்.

"போர்டு எங்க இருக்குது?" என்றார்.

"இன்னா போர்டு தொரை?"

அவர் ஊர்க் குளத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்களாம், யூதர்கள் இங்கே குளிக்கக் கூடாது என்று. அந்தப் பலகைக்கு முன்பே வாய்ப்பேச்சு இருந்ததாம். கடையில் ஒரு கேலி, பள்ளிக்கூடத்தில் ஒரு கேலி. பிறகு பழகியவர்கள் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்களாம். "என் ஜனங்க என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் தலைவர். பொறு, போய்டும்னு சொன்னேன். நான் சொன்னேன்." கடைசி இரண்டு வார்த்தைகளையும் தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இங்க போர்டு வேணாம் தொரை. படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்" என்றேன். அவர் பட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அன்று மட்டும் பாய் வீட்டுக்குப் போகாமல் எங்கள் தெரு வரைக்கும் என்னோடு நடந்துவந்தார். எனக்குத் திருவிழாவாக இருந்தது.

தீபாவளி நெருங்க நெருங்க அவர் முகம் வாடிப்போயிற்று. அவருடைய அப்பா அங்கேயே இறந்துபோயிருந்தார். முதல் வருஷ நாள் வருகிறது. அந்த நாளில் மகன் சொல்ல வேண்டிய ஜெபம் ஒன்று உண்டாம். பத்து ஆள் கூடி நின்றால்தான் அதைச் சொல்லலாமாம். அவர் ஊரில் யாருக்காவது ஆள் குறைந்தால், பனியில் கதவு கதவாகத் தட்டிப் பத்தாவது ஆளைப் பிடித்து வருவது அவர் வேலையாம்.

"எல்லார் அப்பாவுக்கும் ஆள் கொண்டாந்தேன். என் அப்பாவுக்கு இல்ல."

தன் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள், ஒரு கல்லறைக் கல். வீடு போய், கடை போய், தேசமே போய் நிற்கிற மனிதனைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. என் அப்பா காலராவில் போனவர். அந்த வாரம் சேரியில் யார் எந்தக் குழியில் என்று யாருக்கும் தெரியாது. நாளும் தெரியாது. தாத்தாவுக்குப் பட்டப்பெயர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

நான் பத்து ஆள் சேர்க்கக் கிளம்பினேன். விசாரித்தால் பாயும் கிளம்பியிருக்கிறான்! எங்கள் தோல் ஷாப்பில் பத்து ஆள் என்றால் பத்து ஆள்தான். தொட்டியிலிருந்து ஊறின தோலைத் தூக்கும்போது எந்தத் தெரு, எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் இரண்டு பேருமே எந்தப் பத்து என்று கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஒருத்தர் முறைத்தார். "ஏசப்பாவைக் கொன்னவங்களுக்கு நாம போய் நிக்கறதா? பெரிய வெள்ளிக்கு உபதேசியார் சொன்னது மறந்துட்டியா?"

"இவுரு எங்கண்ணே கொன்னாரு? ஆம்பூர்ல தோல்தானே பாத்துனு இருக்காரு?" என்றாள் என் மனைவி. அந்த ஆள் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள்.

தீபாவளி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற சாயங்காலம். யூதர்களுக்கு நாள் மாலையில்தான் பிறக்கிறதாம். "எங்களுக்கும் அப்டிதான்!" என்று பாய் குதித்தான். அதிலும் அவன் முந்திக்கொண்டான். கிடங்கில் குளித்து, வெளுத்த சட்டை போட்டு நின்றோம். பாய் தோலுக்கு எண்ணுவதுபோல், ஒன்று என்பதற்கு லாபம் சொல்லி, ஒவ்வொரு தோளாகத் தட்டி, "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தான்.

"எங்க பழக்கத்துல ஆள எண்ணக் கூடாது பாய்" என்றபடி தொரை உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். எண்ணெய் விளக்கை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சேராது. பத்தும் யூதரா இருக்கணும்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாங்க ஆள் இல்லியா தொரை?"

எனக்கோ, கிணற்றடியில் கேட்டது, சேரிக்குத் தனிக் கோயில் கட்டும்போது கேட்டது, இங்கேயும் கேட்கிறதே என்றிருந்தது. பாயும் என்னைப்போலவே வெளியே நிற்கிறான் என்பதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

தொரை என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அந்தக் குளத்துப் பலகை மாதிரி இருக்குதா?" என்றார்.

"ஆமாம் தொரை" என்றேன்.

விதியை அவர் மாற்றவில்லை. அந்த ஜெபத்தை அன்று சொல்லவுமில்லை. விளக்கை மேசைமேல் வைத்து, தன் அப்பா பெயரைச் சொன்னார். பிறகு எங்களிடம், "உங்க ஆளுங்க பேரு சொல்லுங்க. அதுக்கு எண்ணிக்கை கிடையாது" என்றார். பாய் தன் அம்மா பெயரைச் சொன்னான். வரிசையாகச் சொல்லி என்னிடம் வந்தது. அப்பா பெயரைச் சொன்னேன்.

"எந்த நாள்?"

"தெரியாது."

அவர் விளக்கை என் பக்கம் நகர்த்தினார். "இந்த நாள எடுத்துக்க. என் அப்பா நாள்ல இடம் ஜாஸ்தி இருக்குது. ரெண்டு பேரும் இருப்பாங்க."

நான் அப்பா பெயரை இன்னொரு முறை சொன்னேன். பாய் என் முதுகைத் தட்டினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அவனுக்கு அம்மாவின் நாள் தெரியும், எனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தொரை தன் தங்கை இருக்கிற தேசத்துக்குக் கப்பல் ஏறினார். அவருக்கு அங்கே பத்து ஆள் இருப்பார்கள். நாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. தீபாவளி முடிந்தால் மூன்றாம் பிறைக்கு விளக்கு எண்ணெய் எடுத்துவைக்கிறேன். இரண்டு பெயர், இங்கே எழுதவில்லை, அந்த மாலையில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பதற்குள், ஷாப்பு மாடியிலிருந்து சத்தம் வந்துவிடும்.

"தோஸ்த்! மூணாம் பொறை தெரிஞ்சிடுச்சி, விளக்கு ஏத்து!"

அதையும் ஒரு வருஷமாவது நான் முதலில் பார்க்க வேண்டும்.