குளத்தில் விட்ட பேராமை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரகடம் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்தேன். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. கோவளம் பக்கம் ஒரு சாவுக்குப் போனவர், கரையில் கறிக்காக மல்லாத்திப் போட்டிருந்த பேராமையைப் பார்த்து மனம் இளகி, விலைபேசி வாங்கிவிட்டார். அதுவரை நல்ல காரியம்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது, அங்கேயே விட்டிருக்கலாம். விட்டால் ஊரில் யாருக்குத் தெரியும்? டிராக்டரில் ஏற்றி, ஈரச் சாக்கைப் போர்த்தி, சிங்கப்பெருமாள் கோவில் வழியாகக் கொண்டுவந்து, மேளமும் பாட்டுமாகப் பெருமாள் கோயில் குளத்தில் விட்டார். கூர்ம அவதாரமாம்.

வயல் ஆமை ஒன்று வாசல்பக்கம் வந்தாலே வீடு விளங்காது என்று துடைப்பத்தைத் தூக்குகிற ஊர் அது. இந்த ஆமைக்கு மட்டும் கற்பூரம் காட்டினார்கள். உடம்பில் சேரும் உப்பைக் கடலாமை கண்வழியாக வெளியேற்றும். டிராக்டரிலிருந்து இறக்கும்போது வழிந்த அந்த நீரைத் துணியில் ஒற்றி, பக்தர்கள் தங்கள் கண்ணில் வைத்துக்கொண்டார்கள்.

"பாட்டு கேட்டுக்கினு சாமி எப்டி அழுவுது பாரு!" என்றாள் ஒருத்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன். "இது கடல்ல புல்லு மேயுற ஜாதிங்க. மேயுறது ஒரு பக்கம், பொறந்த கரை வேற பக்கம். முட்டை போடறதுக்கு எவ்ளோ தூரம்னாலும் அந்தக் கரைப் பக்கம்தான் திரும்பிப் போவும். இங்க வெச்சிருந்தா செத்துடும். புடிச்சு வெக்கறது சட்டப்படியும் தப்பு. காலைல டிராக்டரைக் குடுங்க, நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"நான் எங்க புடிச்சேன்? காப்பாத்திக்கீறேன், டாக்டர் சார். உப்புதான வோணும்?" என்றவர், மறுநாள் ஒரு மூட்டை உப்பைக் குளத்தில் கொட்டச் சொன்னார். இவ்வளவுதான் அந்த மண்டையில் ஏறியது.

வெண்பொங்கல் போட்டார்கள். அது தொடவில்லை. சுவரோரமாகவே சுற்றிச்சுற்றி நீந்தியது. கிழக்குப் படிக்கட்டு வந்ததும் ஏறப் பார்க்கும், பாசியில் சறுக்கும், மறுபடி சுற்றும். பிரதட்சணம் பண்ணுகிறது என்று குன்றத்தூரிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். வெளியே போக வழி தேடுகிறது என்பது அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வன அதிகாரியை அழைத்துவந்தேன். அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வெயில் காலத்திலேயே ஆமை செத்தது. அதே கிழக்குப் படியில், முன்துடுப்புகள் இரண்டும் மேல்படியில் கிடக்க, தலை தொங்கியிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் என்னையும் பக்தன் என்று சொல்லிவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன். சந்தனம் பூசி, மாலை போட்டு, குளக்கரையிலேயே புதைத்தார்கள்.

மண் தள்ளி முடிந்ததும் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஒத்தையா கெடந்து ஏங்கிப் பூட்ச்சு, டாக்டர் சார். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. கோவளத்துல சொல்லி வெச்சுக்கீறேன். அடுத்த வாட்டி ஜோடியா புடிச்சுத் தராங்களாம்."