பாதம் வைத்த எழுத்து

இங்கிலீஷ் நாவல் எதையாவது திறந்து ஒரு ‘எம்’ எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். அதன் கால்கள் தரையைத் தொடும் இடத்தில் சின்னச் சின்னப் பாதங்கள் இருக்கும். அவற்றுக்கு செரிஃப் என்று பெயர். பத்மநாபசாமி கோயில் பக்கம் கிழக்கேகோட்டையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் நான், அப்படிப் பாதம் வைத்த பழைய எழுத்துரு ஒன்றைத்தான் இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன். நாவலா, அது. கோயில் வரலாறா, அது. கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் பக்கமா, அங்கேயும் அதுதான். ஆபீசில் இளவட்டங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பருத்து இறங்கி, மெலிந்து வளைந்து, மறுபடி பருக்கும் அந்தக் கோட்டில் பேனா பிடித்த ஒரு கை தெரியும். பாதமில்லாத எழுத்து பஸ் போர்டுக்குச் சரி. ஒரு நாவல் முழுக்க அதோடு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது.

என் மனைவிக்கும் இதே பைத்தியம் உண்டு. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாவல்கள் என்றால் உயிர். போன மழைக்காலத்தில் அவளுடைய விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனது. மேலும் கெடாமல் இருக்க டாக்டர் ஊசி போட்டார். போனது திரும்பாது, எழுத்து பெரிதாக இருந்தால் ஓரப்பார்வையால் முயன்று பார்க்கலாம் என்றார்.

அதுமுதல் கரமனையில் எங்கள் வீட்டில் சாயங்காலக் காபி ஆனதும் நான் வாசிப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். என் உச்சரிப்பைத் திருத்துவாள். நடுவில் ஊர்க்கதை பேசுவோம். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை. எனக்கு அந்த நேரம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவளுக்குத்தான் ஒரு குறை.

“நீங்கோ நன்னாத்தான் படிக்கறேள். ஆனா கொலைகாரன் வந்தா உங்க குரல் மாறிடறதே! அவன் யாருன்னு நானே கண்டுபிடிக்க வேண்டாமா?”

கடைசி அத்தியாயத்தை முன்னாடியே பார்த்துவிடுகிற வழக்கம் எனக்கு உண்டு. அதை மறைக்கத் தெரியாத தொண்டையும் உண்டு. ஒருநாள் அவள் குரலே உடைந்தது. “எனக்கு நானே படிக்கணும்னா. ஒரு பக்கமாவது போரும்.”

அப்புறம் சும்மா இருக்க முடியுமா? அப்போது பாதி வரை வாசித்திருந்த நாவலின் முதல் அத்தியாயத்தை என் அருமை எழுத்துருவில், மூன்று மடங்கு பெரிதாக அமைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. திரையில் பார்க்க எனக்கே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். “எல்லாம் பொடிஞ்சு கிடக்கே.”

வெளிச்சம் போதாது என்றேன். ஜன்னலைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், காகிதத்தைக் குறை சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். கடைசியில் விரலை வைத்து அவள்தான் காட்டினாள். பருத்த கோடுகள் தெரிந்தன, மெலிந்த கோடுகள் அவளுக்கு இல்லவே இல்லை. இங்கிலீஷ் ‘ஓ’வின் இரண்டு பக்கங்கள் மட்டும் தனித்தனியாக நின்றன. எந்த மெலிவுக்காக அந்த எழுத்தைக் கொண்டாடினேனோ அதுதான் அவளை ஏமாற்றியிருந்தது. என் கண்ணால் பார்த்து அவளுக்காக எழுத்து அமைத்திருக்கிறேன்!

மறுநாள் வயிற்றெரிச்சலோடு பாதமில்லாத எழுத்தில் அச்செடுத்தேன். ஒரு வரியைத் தடுமாறாமல் படித்தாள். சந்தோஷப்படுவதற்குள் கீழே வைத்துவிட்டாள்.

“தெரியறது. ஆனா பேங்க் சர்க்குலர் மாதிரின்னா இருக்கு! இதுலே ஒருத்தன் செத்தா எனக்கென்ன, பொழச்சா எனக்கென்ன?”

அந்தக் கோபத்துக்காகவே அவளை இன்னொரு தரம் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

எழுத்துருவைச் செயற்கையாகப் பருக்க வைப்பது எங்கள் தொழிலில் பாவம். ஆபீசில் யாராவது செய்தால் நாற்காலியிலிருந்தே எழுப்பிவிடுவேன். அதைத்தான் செய்தேன். மொத்தமாகப் பருக்க வைத்தால் இங்கிலீஷ் சின்ன ‘ஈ’ எழுத்தின் வயிறு அடைத்துப்போகிறது. ஆகவே ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து, மெலிந்த கோட்டை மட்டும் தடிக்க வைத்து, உள்ளே வெள்ளையை அகலமாக்கி, பக்கத்து எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். பாதங்களை விட்டுவைத்தேன், கொஞ்சம் குண்டாக. பட்டுப்புடவைக்கு ரப்பர் செருப்பு போட்டது போலிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் அவளிடம் காட்டிக் கேட்டேன். அவள் “கொள்ளாம், நன்னாருக்கு” என்ற பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

அத்தியாயம் முழுதும் தயாரான சாயங்காலம், காபிக்குப் பிறகு பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. ஒரு வார்த்தையில் நின்றாள். எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

“பேசாதேங்கோ.”

மெல்ல மெல்ல அடி வரைக்கும் போனாள். பக்கத்தைத் திருப்பினாள். எங்கேயோ ஒரு வரியில் சிரித்தாள். நான் வாசித்தபோது அந்த இடத்தில் அவள் சிரித்ததே இல்லை. வழக்கம்போல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

“ஏன்னா, நீங்கோ எதுக்கு இங்கே? உங்க மூஞ்சியப் பாத்தாலே யார் கொன்னான்னு தெரிஞ்சுடும். உக்காந்தது மதி, போரும். வெளியிலே போங்கோ.”

போனேன். வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லலாமா என்றிருந்தது. அவள் மறுபடி படிக்க வேண்டும் என்று பத்மநாபசாமியிடம் நான் வேண்டாத நாளில்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களை நான் அமைத்துத் தரத் தர, இப்போது தினமும் படிக்கிறாள். சாயங்காலக் காபி ஆனதும், எனக்குத்தான் பேச ஆளில்லை.