வாசலில் வாசிக்க வேண்டியது

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. நூல் மில் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினான்கு வருஷம் செயலாளராக இருந்தவர். ஆனாலும் எல்லாரும் அவரைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார்கள். காரைக்குடியில் அவரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. நல்ல மனுஷன் என்பது ஒன்று. கடைசியில் மில்லுக்காரர்களிடம் விலைபோய்விட்டார் என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சு பொய். அது பொய் என்று அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். அறிந்தும் ஒன்பது வருஷம் வாயைத் திறக்கவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி நான் வந்தபோது அவர் மில்லில் சாதாரணத் தொழிலாளி. வேலை முடிந்து வந்தால் தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சங்கக் கூட்டத்துக்குக்கூடப் போகமாட்டார். அந்த வருஷம் அவர் கூட வேலை பார்த்த பெண்ணுக்கு மெஷினில் மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. மில்லுக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு காகிதத்தை நீட்டி, நல்ல கையால் கைநாட்டு வாங்கிப் போனார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தப்பு தன் மேல்தான் என்று அவள் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சங்கத்துக்குப் போனவர்தான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சங்கத்துக்கு எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலில் மில் வாசல் வேப்பமரத்தடியில், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நின்று உரக்க வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "வெளங்குச்சா?" என்பார். கடைசியில் நிற்பவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த வரி. முழுக்க வாசித்த பிறகே கையெழுத்து. எங்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோது ஒருத்தர், "தலைவரே, இதையும் வாசல்ல வாசிச்சுட்டுத்தேன் குடுக்குறீகளா?" என்று கேலி செய்தாராம். "வாசிச்சா ஒனக்குப் பத்திரிகை வச்சது ஊருக்கே தெரிஞ்சுபோகும், மொய் எழுதாமத் தப்பிக்க முடியாது, பரவாயில்லையா?" என்றாராம் இவர்.

கோயிலுக்கு என்னோடு வரமாட்டார். தடுக்கவும் மாட்டார். செவ்வாய், வெள்ளி நான் விளக்கேற்றும்போது பேப்பரை மடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு மில் வண்டி விட வேண்டும் என்று கேட்டதற்காகப் பதினோரு பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கும்வரை ஒருத்தரும் உள்ளே போவதில்லை என்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மூன்றாவது வாரம் யாரோ வழிமறித்து அவரை அடித்துப் போட்டார்கள். தலையில் தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இவரை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே, திருவிழாவுக்கு நாங்கள் இருவரும் பால்குடம் எடுக்கிறோம் என்று. அவரைக் கேட்காமல் அவர் பேரையும் சேர்த்து வேண்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"செயற்குழுவக் கூட்டாம நீயே தீர்மானம் போட்டுட்டியே" என்றார்.

"ஆத்தாகிட்டக் கேட்டுட்டேன். அவ சரின்னுட்டா."

"அப்பச் சரி. மெஜாரிட்டி உங்க பக்கம்."

சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டிவிட்டால் பால்குடம் எடுத்து முடியும்வரை ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் ஊர் எல்லைக்குள் வந்துதான் படுக்க வேண்டும்.

அந்த வாரம்தான் மதுரையில் தொழிலாளர் அதிகாரி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். சங்கத்திலிருந்து தலைவர், பொருளாளர், இவர் என்று மூன்று பேர் போனார்கள். சாயங்காலம் போன் வந்தது.

"இன்னைக்கு முடியல. நாளைக்குக் காலையில திரும்பப் பேசலாம்னு சொல்லிருக்காக. மூணு பேரும் இங்குட்டே லாட்ஜுல தங்கிக்கிறோம்."

"காப்புக் கட்டுன கையோட வெளியூர்லயா படுக்கப் போறீக?"

"ஒரு ராத்திரிதானத்தா."

"தலையில போட்ட தையல்கூட இன்னும் ஆறல. சொன்ன வாக்க மீறி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். "சரி, அழுகாத. வாரேன். விடிய மொதப் பஸ்ஸுக்குத் திரும்பிக்கிறேன்" என்றார்.

அவர் பஸ் ஏறிய பிறகு மற்ற இருவரையும் மறுபடியும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இப்பொழுதே கையெழுத்துப் போடாவிட்டால் மில்லை இழுத்து மூடுவோம் என்று மில் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கையெழுத்து போதும் என்பது சங்க விதி. இருவரும் பயந்து போட்டுவிட்டார்கள். இவர் திருப்பத்தூர் தாண்டும்போது போன் வந்ததாம். எல்லாரும் வேலைக்குத் திரும்பலாம், பதினோரு பேர் நீங்கலாக. வாசலில் வாசிக்காமல் கையெழுத்தான முதல் ஒப்பந்தம் அதுதான்.

வீட்டுக்கு வந்தவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கால் கழுவி, நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். மறுநாள் வாசலில் அவர்தான் வாசித்தார். கூட்டத்தில் ஒருத்தி, "நீங்க எங்க போனீக தலைவரே, அந்த நேரத்துல?" என்று கேட்டாள். "மயக்கமா வந்துச்சு. கெளம்பி வந்துட்டேன்" என்றார். பதினான்கு வருஷத்தில் அந்த மரத்தடியில் அவர் சொன்ன ஒரே பொய்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "வேணாம். நீ கோயிலுக்குப் போற வழியெல்லாம் வேல போன அந்தப் பதினோரு பொம்பளைகளும் நிப்பாக. உன்னால அவுக மொகத்தப் பாக்க முடியாது" என்றார். கும்பிடாத அவர் பால்குடத்தைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு என் பக்கத்தில் நடந்தார். சொன்னது சொன்னதுதான் என்றார். குடம் ததும்பி அவர் முகமெல்லாம் பால். அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சங்கத் தேர்தலில் தோற்றார். அதற்குப் பிறகும் பதினோரு பேர் வழக்குக்கு மதுரைக் கோர்ட்டுக்கு அவர்களோடு போய்வந்தார். சிலர் அவரோடு ஒரே பஸ்ஸில் ஏறமாட்டார்கள். அவர் பின்னால் வரும் பஸ்ஸில் போவார். வழக்கு முடிவதற்குள் ஒருத்தி இறந்தாள். ஒருத்தி திருப்பூருக்குப் போய்விட்டாள். மில் வேலை ஒருத்திக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

அவர் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அன்று வாசலில் கேள்வி கேட்ட பெண் வந்திருந்தாள். பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. இப்போது கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்கிறாள். எல்லாரும் போன பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். காப்பு, போன், நான் அழுதது எல்லாம்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"அன்னைக்கு அவரு கையில மஞ்சக் கயிறப் பாத்தோம் மதினி. சாமிக்குப் பயந்து திரும்புற ஆளா இவருன்னு யாரும் அத யோசிக்கல. காசுக்குன்னு ஒருத்தன் சொன்னான், நம்பிட்டோம். பொண்டாட்டி கூப்புட்டா, வந்துட்டேன்னு சொல்லிருந்தா வைதுருப்போம். அம்புட்டுத்தான். ஓட்டு அவருக்குத்தேன் போட்டுருப்போம்."

"என்னைய மன்னிச்சிரு தாயி."

"எனக்குத் தெரியல மதினி. என் பிள்ள படிப்பு அதோட நின்னுபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. வாசல்ல வாசிக்கணும். அவரு அப்பிடித்தான செய்வாரு."

அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாக வேண்டினேன், நானாகப் பயந்தேன். இப்பொழுதும் செவ்வாய், வெள்ளி விளக்கேற்றுகிறேன். பக்கத்தில் பேப்பரை மடித்து வைக்க ஆளில்லை.

மாசியில் அவர் திதியன்று, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அந்த வேப்பமரத்தடியில் இதை வாசிக்கப் போகிறேன். அவளும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் குரல் வராவிட்டால் மிச்சத்தை அவள் வாசிப்பாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்த வேண்டும், கடைசியில் நிற்பவர்களுக்கும் விளங்க வேண்டும்.

கீழே என் கையெழுத்து இன்னும் போடவில்லை. வாசித்த பிறகுதான் போடுவேன்.