வளர்மதிக்கு லீவு இல்லை

என் மனைவியின் விடுப்பைத் திருடியவன் நான்.

அப்போது அவள் என் மனைவி இல்லை. என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த பெண், அவ்வளவுதான். அந்தத் திருட்டு நடக்காமல் இருந்திருந்தால் அவள் என் மனைவி ஆகியிருக்கவே மாட்டாள். பதினோரு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை... அவளிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்; நாளைக்கே நீங்கள் எங்கள் மலைக்கு வந்தாலும் என்னை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்கிற தைரியம்தான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். குற்றம் செய்தவன் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருப்பான் என்று நீங்கள் நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி இந்த வருஷமும் நன்றாகக் காய்த்தது. மகள் நாலாவது படிக்கிறாள், என்னை விட நன்றாகக் கணக்குப் போடுகிறாள். காலையில் வளர்மதி போட்டுத் தரும் இஞ்சி டீ இருக்கிறது. படுத்தால் தூங்கிவிடுகிறேன். இவ்வளவு நிம்மதியாக இருக்க எனக்கு என்ன யோக்கியதை என்று எப்போதாவது தோன்றும்... அதுவும் டீ குடிப்பதற்குள் மறந்துபோகும்.

எங்கள் தபால் ஆபீஸ் கொல்லிமலையில் பைல் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது; இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நான் அங்கே கிளார்க். மலையில் பிறந்தவன், அப்பா மரவள்ளியும் சாமையும் போட்டவர். வளர்மதி அடிவாரத்துப் பெண். அவள் அப்பா கட்டட வேலை பார்த்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு இருந்தார். வீட்டுக்குச் சோறு போட்டது இவள் சம்பளம்தான். தபால் பட்டுவாடா வேலை கிடைத்ததும் மலையேறி வந்து, ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினாள்.

மார்கழி பிறந்தால் எங்கள் மலையில் பனி இறங்கிவிடும். வளைவுகளில் முதல் பஸ் முட்டி மோதிக்கொண்டு வந்து சேர வெகு நேரமாகும். தபால் பை அந்தப் பஸ்சில்தான் வரும். அதனால் பனிக்காலத்துக்கு மட்டும் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வருஷம் உத்தரவு வந்தது. எங்களுக்கு வந்தது சரி! கீழே, விடுப்புக் கணக்கு பார்க்கிற ஆபீசுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு, பிந்திக் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் அரைநாள் விடுப்பை வெட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் பை வந்து இறங்கிய பிறகுதான் பட்டுவாடா ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். கருப்பண்ணன் என்று ஒருவர், திருப்புலி நாட்டு ஊர்களுக்கு நடந்தே தபால் கொடுப்பவர், அவர் கொண்டுவந்த வழக்கம் அது. "பையே வரல, என்ன வேல செஞ்சேன்னு கையெழுத்துப் போடறதுங்க?" என்பார். வளர்மதி வந்த முதல் வாரமே அவரைப் பார்த்துப் படித்துக்கொண்டாள்.

ஆனால் அவள் வருவதென்னவோ பழைய நேரத்துக்குத்தான். அறையில் குளிர் தாங்காது. ஆபீசில் நான் ஒரு கரியடுப்பு வைத்திருந்தேன். பை வரும்வரை அடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கையில் ஒரு கைடு வைத்திருப்பாள். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். சரியாகச் சொன்னால் ஒரு பிடி பொரிகடலை அவளுக்கு. தப்பாகச் சொன்னால் எனக்கு. அந்தப் பனிக்காலம் முழுவதும் எனக்குப் பொரிகடலை கிடைத்ததே அபூர்வம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஒரு மணி நேரம் அதுவரை இருந்ததில்லை. பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே தபால் ஊழியன் நானாகத்தான் இருப்பேன்!

மாசியில் பனி விலகியது. தவறாக வெட்டிய விடுப்புகளைத் திருத்தச் சொல்லித் தாள் வந்தது. ஒவ்வொரு நாளும் பை வந்த நேரத்தையும் ஆள் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் ஒப்பிட்டு எழுதிக் கீழே அனுப்ப வேண்டும். ஓய்வு பெறும் வயதில் இருந்த எங்கள் போஸ்ட் மாஸ்டர், "நீயே பாத்துக்க கண்ணு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

கருப்பண்ணனுடையதை அன்றைக்கே முடித்து அனுப்பினேன். அவருக்கு விடுப்பு திரும்பி வந்தது. மிளகு பறிக்கப் போனார். திரும்பி வரும்போது ஒரு பை நிறைய மிளகு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நீங்க மட்டும் இல்லீன்னா மொளகு கொடியிலயே உதுந்திருக்கும் சாமி" என்றார்.

அடுத்தது வளர்மதியுடையது. எழுதத் தாளை எடுத்து வைத்திருந்தபோதுதான் அவள் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், சேலத்துல ஒருத்தரு இந்தப் பரிச்சைக்குச் சும்மாவே சொல்லித் தராருங்களாம். ஜூன் மாசம் ரெண்டு வாரம். கூடப் படிச்ச புள்ள ஊட்டுல தங்கிக்குவேன். லீவு இருந்தாப் போதும்."

"பாஸ் பண்ணிட்டா?" என்று கேட்டேன்.

"கீழயே போஸ்டிங் குடுத்துருவாங்க சார். அப்பாவ நானே பக்கத்துல இருந்து பாத்துக்குவேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! அவளுக்கு இந்த மலை ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி; ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது. அன்று அந்தத் தாளை மேசை டிராயரில் வைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்றுதான் வைத்தேன். நம்புங்கள்... இல்லை, நம்ப வேண்டாம். வைக்கும்போதே எனக்குத் தெரியும்.

பங்குனி போனது. சித்திரை போனது. அவள் கேட்கும்போதெல்லாம், "அனுப்பியாச்சுங்க, கீழ இருந்துதான் வரணும்" என்று சொன்னேன். ஒருமுறை கீழே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். "அவுங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். உண்மையைச் சொன்னவர்களைப் பொய்யர்களாக்க எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் சம்பளம் வராத மாதத்தில் அவள் அப்பாவுக்கு மருந்து யார் வாங்குவது? அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாய் திறக்காமல் இருந்தேன்.

எங்கள் விடுப்பில் ஒரு விதி. ஜூன் முடிவதற்குள் எடுக்காதது கரைந்துபோகும், அடுத்த அரையாண்டுக்கு வராது. ஜூலை பிறந்த முதல் வாரத்தில் வளர்மதியின் திருத்தத்தை எழுதி அனுப்பினேன். அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல். விடுப்பெல்லாம் அவள் பெயருக்குத் திரும்பி வந்தது. எடுக்க முடியாத விடுப்பு! இன்றைக்கு யார் வந்து கணக்கைப் புரட்டினாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

கீழிருந்து வந்த திருத்தத் தாளை அவள் பார்த்தாள். "சரியாத்தான் போட்டிருக்காங்க சார். என்ன, கொஞ்சம் லேட்டு" என்றாள். பிறகு தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அழுதிருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ... தெரியவில்லை.

பரீட்சைக்கு அன்றைய ஒரு நாள் மட்டும் போய் எழுதிவிட்டு வந்தாள். நூலிழையில் பாஸ் போய்விட்டது.

அடுத்த மார்கழியில் மறுபடியும் அடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இந்த முறை கைடு இல்லை. தை முடிவதற்குள் அவளிடம் கேட்டேன், அவளும் சரி என்றாள். "மலைக்கா பொண்ணு குடுக்கறது?" என்று அவள் அப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். கடைசியில் அவரையும் மலைக்கே கூட்டிவந்து எங்களோடு வைத்துக்கொண்டோம். கடைசிவரை என் அம்மா செய்யும் சாமைச் சோற்றைக் குறை சொல்லிக்கொண்டே மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுபடி பரீட்சை எழுதலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. வயிற்றில் பிள்ளை, பிறகு இடுப்பில் பிள்ளை. அவள் சிரித்துத் தட்டிக்கழித்துவிட்டாள்.

ஏன் செய்தேன்? காதல் என்று சொன்னால் நீங்கள் பாதி மன்னித்துவிடுவீர்கள். அதனால் அந்தச் சொல்லை எடுக்கப் பயமாக இருக்கிறது. அவளை எனக்குப் பிடித்திருந்தது, உண்மை. "போகாதே, இங்கேயே இரு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் முடியாது என்று சொல்லலாம் அல்லவா? அவள் அப்படிச் சொல்ல இடமே இல்லாமல் செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் கேட்டேன். என்ன வீரம்!

இத்தனை காலம் நான் நிம்மதியாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. விருந்தாளிகள் வந்தால் வளர்மதி இந்தக் கதையைத் தானே சொல்வாள். "லீவு வராமப் போச்சுங்க. வந்திருந்தா இந்நேரம் கீழ போஸ்டிங்ல இருந்திருப்பேன். இந்த மலை என்னைய விடலீங்க" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போகட்டும், அவளுக்கே அது நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, விடுதலையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு நின்றது போன மாசி மாதம் வரைதான்.

வளர்மதி இப்போது பக்கத்து ஊர்க் கிளை ஆபீசுக்குப் போஸ்ட் மாஸ்டர்; அந்தப் பதவிக்குப் பரீட்சை கிடையாது. அவளுக்குக் கீழே மூன்று பேர். இந்த வருஷமும் பனிக்காலத்துக்கு நேரத்தை மாற்றினார்கள். இந்த வருஷமும் கீழே விடுப்பைத் தவறாக வெட்டிவிட்டார்கள். திருத்தச் சொல்லித் தாள் வந்தது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு எல்லாவற்றையும் பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, பை வந்த நேரத்த நீங்க படிங்க. நான் எழுதறேன்."

"நாளைக்குப் பாக்கலாமே, வளரு. ஜூன் வரைக்கும் நேரம் கிடக்குது."

"நாளைக்குங்கற பேச்சே வேண்டாங்க. எனக்கு நடந்தது இவுங்களுக்கு நடக்கக் கூடாது."

அவள் குரலில் சிரிப்பு இல்லை. விருந்தாளிகளிடம் கதை சொல்லும் வளர்மதி இல்லை இது. விட்டிருக்கலாம் நான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"உனக்கு நல்லதாத்தான முடிஞ்சுது?" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிஞ்சுதுங்க. இல்லீன்னு சொன்னனா? நீங்க இருக்கறீங்க, பாப்பா இருக்கறா. சந்தோசமாத்தான் இருக்கறேன். ஆனா அன்னிக்கு அந்தக் காயிதத்த அமுக்கி வெச்சிருந்த ஆளு கீழ எவனோ ஒருத்தன் இருப்பானில்லீங்க, அவன இன்னிக்கும் நெனப்பேன். பாத்தாச் சண்டையெல்லாம் போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். நான் உங்களுக்கு என்னங்க பண்ணுனேன்னு."

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். எதிரே இருந்தது நான் ஒருவன்தானே, வேறு யாரைப் பார்ப்பாள்?

அவள் கண்ணில் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. நீ எதுவும் பண்ணவில்லை வளரு, நான்தான்... அவ்வளவுதான், நாலு சொல். நாக்கு நுனிவரை வந்தது. வெளியே மகள் யாரோடோ விளையாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அடுக்களையில் மிளகு ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை. இவ்வளவையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றாள்.

படித்தேன்.