ஃபேரர் பார்க்கில் ஓடாத லாரி

எண்பத்தெட்டு வயதில் வலைப்பூவா என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நாள் பயணம் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு மறக்காத பயணம் அறுபதுகளின் நடுவில் போனது. காரணம் ஓர் அஞ்சலட்டை: "நம் மேட்சை டெலிவிஷன் நாடகமாக எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை ஏழு மணி. சிராங்கூன் ரோடு சமூக நிலையத்துக்கு வாருங்கள். சிவபாலன்."

படித்ததும் அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்தேன். சிவபாலன் யாழ்ப்பாணத்தார் கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர். நான் அவர்களுடைய பரம எதிரிகளான தமிழ்நாட்டார் அணிக்காரன். எங்கள் ஆட்டங்களுக்குத் தனி நடுவர் கிடையாது. மட்டை பிடிக்கும் அணியே தன் ஆளை நிறுத்தும். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் மைதானத்தில் எங்கள் கடைசி ஆள் ஆடியபோது நடுவராக நின்றவன் நான். ஜெயிக்க ஓர் ஓட்டம் தேவை. பந்து மட்டையில் உரசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சிவபாலன் பிடித்தார். நான் அவுட் என்று விரலைத் தூக்கவில்லை. அடுத்த பந்தில் ஜெயித்தோம். அவர்கள் அதன்பின் எங்களோடு ஆடவே இல்லை.

ஊர் முன்னால் மானம் போகட்டும் என்றே கிளம்பினேன். ஜொகூர் பாருவில் நான்கு மணிப் பேருந்து, எண்பது காசு, பதினேழு மைல். அன்று பாஸ்போர்ட் வேண்டாம், நீங்கள் மறந்துவிடாதீர்கள். கிராஞ்சிப் பக்கம் கோழிப் பண்ணை வாசனை ஜன்னலை மூட வைக்கும். ஐந்தேகாலுக்கு குவீன் ஸ்ட்ரீட் பேருந்து நிலையம். அங்கிருந்து சிராங்கூன் ரோடு தொடங்கும் தேக்காவுக்குக் கால் மணி நேர நடை. ஒரு டீ வாங்கினேன், பாதியிலேயே வைத்துவிட்டேன்.

சமூக நிலையத்தில் ஒரே டெலிவிஷன், முன்னால் நூறு பேராவது இருப்பார்கள். நாடகத்தில் அந்தப் பந்து வந்ததும் என் பக்கத்து ஆள் குதித்தார்.

"அம்பயருக்குக் காது கேக்காதா லா?"

ஆனால் நாடகத்தில் பந்து உரசிய நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போயிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் நடுவர் தவித்துப்போய் நின்றார்.

"பாவம் லா, அந்தாளு என்ன செய்வாரு!" என்றார் அதே ஆள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசி வரிசையில் நின்ற சிவபாலனிடம் போனேன்.

"அன்னிக்கு லாரி எதுவும் போகலைங்க. எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும். அந்த லொறிய நாடகத்துக்குள்ள விட்டது நான்தானே," என்றார். "வாற ஞாயிறு உங்கட ஆக்களோட திரும்ப விளையாடுறம். நாங்க பேட் பண்ணேக்கை அம்பயரா நீங்க நில்லுங்கோ."

அவர்கள் ஆளுக்கு உரிய இடத்தில் என்னை!

ஞாயிறன்று போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஜொகூர் பாலத்தில் நெரிசல் இருக்கும். நான் அந்த ஞாயிறு விடியலிலேயே கிளம்பிவிட்டேன். அவர்கள் மட்டை பிடித்த மூன்றாவது ஓவரில் பந்து மட்டையில் உரசியது. எங்கள் கீப்பர் பிடித்தார். விரலைத் தூக்கினேன். ஆட்டமிழந்தது சிவபாலன்.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைக் கடந்தபோது மெதுவாகச் சொன்னார்:

"இண்டைக்கு லொறி வரேல்லை."