எப்போதும் ஏழு

எங்கள் ஆஸ்பத்திரியில் என் கணவரை ஸ்க்ரூட்ரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு அதுதான் இருக்கும். மெஷின்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. நான் அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிப்பவள். பதினோரு வருடமாக ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் திரும்புகிறோம். நடுவில் உள்ள எட்டு மணி நேரமும் அவருக்கு நான் "மேடம்". வேலை வேறு, வீடு வேறு என்று அப்படி ஒரு கொள்கை. எனக்கு எரிச்சலாக வரும்.

எங்கள் கூடத்தில் மூன்று மெஷின்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை உலகத்தில் மிஞ்சிப்போனால் முந்நூறு பேர் பயன்படுத்துவார்கள். எழுதியவர் ஏதோ ஒரு தூர தேசத்தில் இருக்கும், ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். சின்ன சிஸ்டம், ஆனால் ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. டாக்டர்கள் ரிசல்ட் பார்ப்பதே தலைமை ஆஸ்பத்திரியின் சர்வர் வழியாகத்தான். அங்கே புது சர்வர் வைத்தார்கள். இனிமேல் ரகசியப் பூட்டுப் போட்டு வரும் ரிசல்ட்டை மட்டுமே அது வாங்குமாம். அந்தப் பூட்டைப் போடும் லைப்ரரி, அதாவது ரெடிமேடாக எழுதி வைத்த புரோகிராம், ஊர் உலகத்து சிஸ்டங்களுக்கெல்லாம் இருக்கிறது, எங்கள் சிஸ்டத்துக்கு மட்டும் இல்லை.

எட்டு மாதத்துக்கு மேல் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அது முடிகிற வெள்ளிக்கிழமைதான் கெடு. அதற்குள் நடக்காவிட்டால் மூன்று மெஷின்களும் கழிவுக்குப் போகும். நாங்கள் எடுக்கும் ரத்தம் வேனில் ஏறித் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போகும், ரிசல்ட் மறுநாள் சாயங்காலம் வரும். காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையின் அம்மாவிடம் நாளைக்கு வா என்று யார் சொல்வது? நான்தான். எனக்கு அந்த வாய் கிடையாது.

எட்டு மாதமாகத் தினமும் விடியற்காலையில் எழுந்து அவர் அந்த லைப்ரரியோடு மல்லுக்கட்டினார். அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிற சங்கதி இல்லை அது. வரிக்கு வரி அது சிஸ்டத்திடம் ஏதாவது கேட்கும். நினைவகத்தில் இடம் கொடு, மணி என்ன, இந்தக் கதவைத் திற. எங்கள் சிஸ்டத்துக்கு அந்தக் கேள்வியே புரியாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றபடி நாலு வார்த்தை பேசாத மனுஷன், இதைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறுகிறவரை பேசுவார்.

கெடு வாரத்துத் திங்கட்கிழமையன்று முதலாவது ரிசல்ட் போய்ச் சேர்ந்தது. அவர் மேசையைத் தட்டிய வேகத்தில் என் டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது. அடுத்த ரிசல்ட்டை அனுப்பினார். சர்வர் வாங்க மறுத்தது. சர்வரை அணைத்துப் போடச் சொன்னால் ஒன்றை வாங்கும், இரண்டாவதுக்குக் கதவைச் சாத்திவிடும். மூன்று நாள் இதே கூத்து. குற்றம் சிஸ்டத்தில்தான் என்று இவருக்குச் சந்தேகமே இல்லை. கப்பல் எஞ்சினியருக்கு இரண்டு பக்கத்துக்குக் காரசாரமாக மெயில் எழுதினார்.

வியாழக்கிழமை காலையில் பதில் வந்தது. நான் டியூப் ரேக்கோடு பக்கத்தில் நின்றேன். "நீங்கள் எழுதிய புரோகிராம் முழுவதையும் படித்தேன். அருமையான வேலை. 212-ஆம் வரியைப் பாருங்கள்." அவ்வளவுதான்.

அவர் அந்த வரியைத் திறந்தார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. எனக்கு அந்த விஷயத்தில் அனுபவம் உண்டு.

"என்னங்க ஆச்சு?"

"ஒவ்வொரு தடவை பேச ஆரம்பிக்கும்போதும் யாரும் ஊகிக்க முடியாத புது எண் ஒண்ணு கொடுன்னு லைப்ரரி கேக்கும். இந்த சிஸ்டத்துல அதுக்கு வழியே இல்ல மேடம். அதனால அப்போதைக்கு ஏழுன்னு சொல்லி வச்சேன்."

"எப்பக் கேட்டாலுமா?"

"எப்பக் கேட்டாலும் ஏழு. அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"எப்ப வச்சது இது?"

"எட்டு மாசம் முன்னாடி."

வரிக்குப் பக்கத்தில் அவரே எழுதி வைத்த குறிப்பு இருந்தது: பிறகு பார்க்கலாம். எங்கள் சமையலறைக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுவதும் இதே குறிப்பின் பேரில்தான். போன ஆளே அதே எண்ணோடு திரும்பி வந்தால் சர்வர் என்ன நினைக்கும்? திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. அது பிழையே செய்யவில்லை.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "புது எண்ணுக்கு எங்க போறது? மத்த சிஸ்டமெல்லாம் ஆளுங்க தாறுமாறா டைப் அடிக்கற வேகத்தை வச்சு எண் உண்டாக்கிக்கும். இதுல யாரும் டைப் அடிக்கறதில்ல. கடிகாரம் தப்பாம ஓடுது. எல்லாமே ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் இப்ப கழுத்தை அறுக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எது ஒழுங்கு? காலி டியூபை வச்சா பூஜ்யம்னு நிக்க வேண்டாமா? கடைசி மூணு இலக்கம் நிக்காம ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. ஆறு வருஷமா புகார் எழுதறேன். பெரிய விஷயம் இல்ல மேடம்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுக்கறது யாரு?"

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். "மூணு மெஷினும் ஆடுமா?"

"மூணுந்தான். நடுவுல இருக்கறது ரொம்ப."

"குட்டிம்மா" என்றார், கூடமே திரும்பிப் பார்க்கும்படி.

பதினோரு வருடக் கொள்கை அந்த நிமிஷம் காற்றில் பறந்தது. கழிவு ஸ்டிக்கர்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற எங்கள் பொறுப்பு டாக்டரம்மா, கேட்காத மாதிரி சுவரைப் பார்த்தார். சிரிக்கிறார் என்று தோளிலேயே தெரிந்தது. எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம்.

மெஷினுக்குள் இருக்கும் ஒளி உணரியின் அந்த ஆடும் இலக்கங்களைத்தான் அவர் பிடித்தார். ஆயிரக்கணக்கில் சேர்த்து, கலக்கி, யாராலும் ஊகிக்க முடியாத எண்ணாக்கி லைப்ரரியிடம் நீட்டினார். சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். ஏழு என்ற அந்த எண்ணைத் தூக்கியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மெஷின்களில் ஸ்டிக்கர் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. சோதனைக்கு எடுத்து வைத்திருந்த பழைய ரிசல்ட்டுகளில் முதலாவது போனது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை, அது எப்போதும் போகும். இரண்டாவது. நான் திரையை எட்டிப் பார்த்தேன். போனது. மூன்றாவதும் போனது. பத்து, ஐம்பது, இருநூறு என்று மூன்று மெஷினும் போட்டி போட்டுக்கொண்டு அனுப்பின, ஒன்றுகூடத் திரும்பவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, தட்டியும்விட்டேன்.

"போதும் தம்பி, நம்பறேன்" என்று டாக்டரம்மா எழுந்து, நகத்தால் கீறிக் கீறி ஸ்டிக்கர்களை உரித்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த முதல் ஆள் நான்கு வயதுப் பெண் குழந்தை. உடம்பு அனலாகக் கொதித்தது. ரத்தம் எடுத்து நடு மெஷினில் வைத்தேன். குழந்தையின் அழுகை அடங்குவதற்குள் ரிசல்ட் போய்ச் சேர்ந்தது. அம்மாக்காரி குழந்தையைத் தோளில் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க வரணும்?"

"வர வேண்டாம்மா. உட்காருங்க. டாக்டர் ரிசல்ட்டைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."