அடைத்தாராவோடு வீடு மாறினோம்

1. கத்தாத வாத்து

பதினெட்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் பட்டுப்பட்டு இரண்டு கைகளிலும் தோல் வெடித்தது. ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகு, இனி இந்த வேலை வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். என்னோடு வேலை பார்த்த லில்லி சேச்சி, காரக்கோணத்தில் தன் வீட்டுக் கொல்லையில் மணித்தாரா வளர்த்தார். எங்கள் பக்கத்தில் வாத்தைத் தாரா என்போம். மணித்தாரா என்பது மஸ்கோவி வாத்து. கண்ணைச் சுற்றியும் அலகுக்கு மேலும் சிவப்புச் சதை கொப்புளம் கொப்புளமாகத் தொங்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன்.

சேச்சி ஒரு பூவனையும் இரண்டு பிடைகளையும் கொடுத்து அனுப்பினார். பூவன் ஆண், பிடை பெண். மூன்றையும் கொல்லையில் விட்டேன். அன்று முழுக்க ஒன்றும் வாய் திறந்து கத்தவில்லை. பூவன் மட்டும் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி, காற்றுப்போன டியூப் மாதிரி ‘ஹஸ், ஹஸ்’ என்றது. நெஞ்சில் சளி என்று நினைத்துவிட்டேன். வெந்நீரில் துளசியும் மிளகும் தட்டிப் போட்டு வைத்துக்கொண்டு சேச்சிக்குப் போன் செய்தேன்.

"எடீ செலினே, அது கத்தாத சாதியாக்கும். பூவன் சீறும், பிடை முனகும். அவ்வளவுதான் உண்டு. ஆஸ்பத்திரிய விட்டு வந்தும் நீ சீக்காளியத் தேடிட்டுத்தான் நடக்கியா?"

அந்த மிளகு வெந்நீரை நானே குடித்தேன்.

என் வீட்டுக்காரர் ஜஸ்டின் கொத்தனார். தாரா என்றால் நீந்த வேண்டும் என்று சொல்லி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து, படி வைத்து ஒரு சிமென்ட் தொட்டி கட்டினார். மூன்றும் அதில் தலையை முக்கி எடுத்தன, ஒருமுறை சிறகை அடித்துக்கொண்டன, பிறகு ஏறிப்போய் மாட்டுச்சாணத்தில் புழு தேடின. மணித்தாராவுக்குக் குளம் தேவையில்லை, தலை நனைகிற அளவுக்கு சருவம் என்கிற அகலப் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் போதும் என்பது தொட்டி காய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

2. நான் உடைத்த முட்டை

முதல் அடையில் பத்து முட்டை. பிடை தன் நெஞ்சுப் பூடையைப் பிய்த்துப் பிய்த்து மெத்தை போட்டு உட்கார்ந்தது. இருபத்தெட்டு நாளில் வாத்துக்குஞ்சு வரும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். இருபத்தொன்பதாம் நாளும் ஒன்றும் நடக்கவில்லை.

"எல்லாம் கூமுட்டையாக்கும். நாறுறதுக்கு முன்ன எடுத்துக் களையணும்" என்றார் ஜஸ்டின்.

ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் துணி துவைக்கும் கல்லில் தட்டினேன். உள்ளே குஞ்சு இருந்தது. உயிரோடு இருந்தது. வயிற்றோடு மஞ்சள் கரு இன்னும் ஒட்டியிருந்தது. என் உள்ளங்கையில் இரண்டு முறை காலை நீட்டிவிட்டு அடங்கிப்போனது.

சேச்சியிடம் அழுதுகொண்டே சொன்னேன். "மணித்தாராவுக்கு முப்பத்தஞ்சு நாளு பிள்ளே. உனக்கு அத முதல்லயே சொல்லாம விட்டது எனக்க தப்பு" என்றார் அவர். தப்பு அவருடையது இல்லை. கேட்காமல் தட்டியவள் நான். மீதி ஒன்பதில் எட்டு, முப்பத்தைந்தாம் நாள் பொரிந்தன. அதிலிருந்து ஒவ்வொரு அடைக்கும் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறேன்.

3. கறுப்பன்

ஒரே ரத்தத்தில் இனம் பெருக்கினால் குஞ்சுகள் நோஞ்சானாகும். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை பூவனை மாற்றிக்கொள்வோம். அப்படி லில்லி சேச்சியிடமிருந்து வந்தவன்தான் கறுப்பன். உடம்பெல்லாம் கறுப்பு, வெயிலில் பச்சை மினுங்கும், சிறகில் மட்டும் கை அகல வெள்ளை. நான் துணி துவைக்கப் போனால் பின்னாலேயே வந்து, உச்சிப்பூடையைச் சிலிர்த்து, வாலை ஆட்டிக்கொண்டு நிற்பான். எனக்கு மட்டும்தான் அந்த வாலாட்டல். ஜஸ்டினைக் கண்டால் வேட்டியைப் பிடித்து இழுப்பான்.

"இது தாராவா, உனக்க தம்பியா?" என்று அவர் கேட்பார்.

அப்போது நாங்கள் பாறசாலை பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான்கு வருடத்துக்கு முந்தைய கதை இது. எங்கள் பிடைகளில் மூத்தவளைப் பெரியவள் என்று கூப்பிடுவோம். அவள் பதினான்கு முட்டை இட்டு அடையில் உட்கார்ந்தாள். அந்த வாரமே ஒரு மத்தியானம் தெருநாய்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தன. மற்ற பிடைகள் தப்பித்துக் கூரைமேல் ஏறிவிட்டன. கறுப்பனுக்கு உடம்புப் பாரம், பறக்க வராது. அடைக்கூட்டுக்கு முன்னால் நின்று கடைசிவரை சீறியிருக்கிறான். நான் கம்போடு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கூட்டுக்குள்ளே பெரியவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடியில் இருந்த பதினான்கும்தான் கறுப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. இரண்டு மட்டும் வெறுமையாக இருந்தன, அவற்றை எடுத்துவிட்டேன்.

4. பெட்டி ஆட்டோவில்

வீட்டுச் சொந்தக்காரருக்கு அந்த இடத்தில் புது வீடு கட்ட வேண்டியிருந்தது. ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். காலண்டரைப் பார்த்தேன். மாதக் கடைசி, பெரியவளின் அடையில் இருபத்தேழாம் நாள்.

"எட்டு நாளு கூடத் தந்தா போதும். தாரா அடை இருக்கு" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் சிரித்துவிட்டார். "செலினே, தாராவுக்கு வேண்டி ஜேசிபிய நிப்பாட்டினேன்னு வெளிய சொல்ல முடியுமா?"

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அதியன்னூரில் வேறு வீடு பார்த்தோம். லில்லி சேச்சி போனில் வழி சொன்னார். "கூட்டோட எடுக்கணும். அவள எழுப்பாத. சாக்கு போட்டு இருட்டாக்கு. விடியுறப்பவே எறங்கிரு."

ஜஸ்டின் சென்ட்ரிங் பலகையில் ஒரு பெட்டி அடித்தார். கூட்டை அப்படியே அதற்குள் தள்ளி, சாக்கால் மூடினோம். மற்ற பிடைகளும் பாத்திரங்களும் பின்னால் லாரியில் வந்தன. நான் மட்டும் பெட்டி ஆட்டோவின் பின்னால் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, பலகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். குழியில் வண்டி விழும்போதெல்லாம் என் உடம்பால் பெட்டியைத் தாங்கிப் பிடித்தேன். அமரவிளைப் பாலம் தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"சேச்சீ, பெட்டிக்குள்ள பாம்பு உண்டோ? சீறுற சத்தம் கேக்குது."

"தாராவாக்கும் தம்பி. அடையிருக்கா. அடை நேரத்துல பிடையும் சீறும். மெள்ளப் போணும்."

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு நெய்யாற்றின்கரை வரைக்கும் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினார்.

புது வீட்டில் கொல்லை மூலையில் பெட்டியை இறக்கி, சாக்கை மெதுவாக விலக்கினேன். பெரியவள் என்னைப் பார்த்தாள், இடத்தைப் பார்த்தாள், எழுந்து ஒரே பாய்ச்சலில் வெளியே குதித்தாள். மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்த கடைசி வரிசைக்குள் போய் நின்றுகொண்டாள். தவிடு வைத்துக் கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்தில் போனால் இன்னும் தள்ளிப் போனாள். தினமும் அரை மணி நேரம் இரைக்கு இறங்குவது வழக்கம்தான். ஆனால் அன்று ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடு குறைந்துகொண்டிருந்தது.

"வேற வழி உண்டா பாரு. அவள நம்பிட்டு நிக்காத" என்றார் சேச்சி போனில்.

5. மதிலுக்கு அந்தப் பக்கம்

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரையோ கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முட்டையும் இல்ல, சேவலும் இல்ல. வெறும் ஓலைக் கடவத்துல என்னத்துக்குட்டீ அடையிருக்கே? மூணு நாளா வெள்ளத்துல முக்குறேன், உனக்கு வெக்கம் உண்டா?"

மதிலை எட்டிப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, அடை கலைவதற்காக வாளித் தண்ணீரில் ஒரு சிவப்புக் கோழியை முக்கப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே கத்திவிட்டேன்.

"அக்கா, முக்காதீங்க! அந்தக் கோழிய எனக்குத் தருவியளா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நீ ஆரு?"

"இண்ணைக்கு வந்து எறங்கின வாடகைக்காரியாக்கும். பேரு செலின்."

"வந்த அண்ணைக்கே கோழிக்கறி கேக்குதா?"

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பனைப் பற்றியும் சொன்னேன். அவர் கோழியின் காலைத் துணியால் துடைத்தார், மதிலுக்கு மேலே நீட்டினார்.

"பிடி. இவளுக்கு முட்டைன்னா உயிரு. ஆனா கொத்துவா."

கமலம் அக்கா என்பது அவர் பெயர். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். கோழியைக் கொடுத்ததோடு நிற்காமல் வாசல்வழியே சுற்றி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கோழி பெட்டிக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தது. தன் முட்டையைவிட ஒன்றரை மடங்கு பெரிய முட்டைகள். ஒவ்வொன்றாக அலகால் உருட்டி அடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தது. ஆனால் ஏழுக்குமேல் அதன் உடம்பு மூடவில்லை. மீதி ஐந்தையும் ஜஸ்டினின் பழைய லுங்கியில் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலோடு சேர்த்து வைத்தோம்.

நான்கு மணிவாக்கில் பெரியவள் தானாகவே நடந்து வந்தாள். பெட்டிக்குள் கோழியைக் கண்டதும் கழுத்தை நீட்டிச் சீறினாள். கோழி சிலிர்த்துக்கொண்டு ஒரு கொத்து கொடுத்தது. நான் இரண்டையும் பிரிக்கக் கையை நீட்டினேன். கமலம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மக்கா. அவளுவளே பேசித் தீத்துக்கிடட்டு."

லுங்கியிலிருந்த ஐந்தையும் பெட்டியின் மறு ஓரத்தில் மெதுவாக வைத்தேன். பெரியவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெட்டிக்குள் ஏறி, கோழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த ஐந்தின் மேல் உட்கார்ந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஆனால் இரண்டும் எழுந்திருக்கவும் இல்லை.

6. பத்து நாள்

மறுநாளிலிருந்து எனக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. பெரியவள் சருவத்தில் குளித்து ஈரத்தோடு வந்து உட்காருவாள். கோழிக்கு ஈரம் பிடிக்காது, கொக்கொக்கென்று சண்டை போடும். ஆனால் தாரா முட்டைக்கு அந்த ஈரம் வேண்டும், ஓடு இளகுவதற்கு. பெரியவள் இரைக்கு இறங்கினால் அவளுடைய முட்டைகளையும் கோழி தன் பக்கம் உருட்டிக்கொள்ளும். இவள் வந்து பாதியைத் திரும்ப இழுத்துக்கொள்வாள். எது யாருடையது என்ற கணக்கு இரண்டாம் நாளே போய்விட்டது. கமலம் அக்கா காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வருவார். "எனக்க மக எப்பிடி இருக்கா?" என்று கேட்பார். கோழியைத்தான்.

முப்பத்தைந்தாம் நாள் ஒன்றும் இல்லை. நான் சாப்பிடவில்லை. முப்பத்தாறாம் நாள் காலையில் ஒரு முட்டையைக் காதில் வைத்தேன். உள்ளே டிக், டிக் என்று தட்டல். வீடு மாறிய அன்று சூடில்லாமல் கிடந்ததால் ஒருநாள் பிந்தியிருக்கிறது. மத்தியானத்துக்குள் எட்டு முட்டையில் ஓட்டை விழுந்தது. மறுநாள் காலையில் ஒன்பது குஞ்சுகள். மஞ்சளும் கறுப்புமாக, நெற்றியில் திட்டோடு. பத்தாவது முட்டை ஓட்டை விழுந்தபடியே கிடந்தது. நகத்தால் உரித்து உதவலாமா என்று கை துடித்தது. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சி வெயிலில் அதுவும் தானே வந்தது. முழுக்கக் கறுப்பு, சிறகில் வெள்ளை. மீதி இரண்டும் பொரியவில்லை.

"கறுப்பனுக்க குஞ்சாக்கும்" என்றார் ஜஸ்டின். வேட்டியை இழுத்தவனை நினைத்தோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடைக்குக் கோழி தந்தால் குஞ்சில் பாதி அவர்களுக்கு. எங்கள் ஊர்களில் பேசாமலே தெரிந்த முறை அது. ஐந்தைக் கடவத்தில் எடுத்துக்கொண்டு கமலம் அக்காவிடம் போனேன். கோழி பின்னாலேயே ஓடிவந்தது. கொல்லையில் மீதி ஐந்தும் பெரியவளோடு நின்று கீச்சுக்கீச்சென்று கத்தின, கடவத்துக்குள் இருந்த ஐந்தும் பதிலுக்குக் கத்தின. மதிலின் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். கோழி மதிலோரமாக மேலும் கீழும் ஓடியது. கமலம் அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பிடிப் பிரிச்சா கர்த்தரும் பொறுக்கமாட்டாரு, எனக்க அம்மனும் பொறுக்கமாட்டா" என்றார். பிறகு குரலை உயர்த்தி மதிலுக்கு அப்பால் கூப்பிட்டார். "கொத்தனாரே! வேல உண்டு. உளி எடுத்துட்டு வாரும்."

தாரா வாங்க வருகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் தீவனம் என்ன, மருந்து என்ன என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதெல்லாம் சொல்கிறேன். கூடவே, நாளை எண்ணுங்கள், முட்டையைத் தட்டாதீர்கள், தெரியாததைப் பக்கத்து வீட்டில் கேட்க வெட்கப்படாதீர்கள் என்றும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜஸ்டின் அன்று மதிலின் அடியில் இரண்டு கல்லை எடுத்தார். தாராவும் கோழியும் போய்வர ஒரு முழம் அகலத்தில் ஒரு வழி. ஓரம் கீறாதபடி சிமென்ட் பூசி விட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கோழிதான் அதில் நுழைந்து வந்தது.